மினி டிவி கேசட்டிலிருந்து டிவிடி: ஃபயர்வயரா, யுஎஸ்பி ஸ்டிக்கா, ரெக்கார்டரா?

பழைய ஹேண்டிகேமில் எடுத்த மினி டிவி (MiniDV) கேசட்டுகளை டிவிடி ஆக்க மூன்று வழிகள் உண்டு. ஃபயர்வயர் கேபிள் போட்டுக் கணினிக்கு இறக்கலாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கில் செருகலாம். கணினியே வேண்டாமென்று டிவிடி ரெக்கார்டரில் நேராகப் பதியலாம். எதில் போனாலும் ஒரு மணி நேர கேசட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது படத்தின் தரத்தைத்தான்.

என் ஓட்டு ஃபயர்வயருக்கு. மினி டிவி கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் இருக்கிறது, நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில். ஃபயர்வயர் அதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் கணினியில் சேர்க்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஏவிஐ கோப்பு வரும். படம் எடுத்த தேதியும் நேரமும் கூடவே வந்துவிடுவது பெரிய வசதி. விண்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருள் அந்த நேரத்தை வைத்தே காட்சிகளைத் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துத் தரும். லினக்ஸ்காரர்களுக்கு டிவிகிராப் (dvgrab) இருக்கிறது.

சிக்கல் கணினிப் பக்கம்தான். இன்றைய லேப்டாப்புகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஆப்பிளும் அதைக் கைவிட்டுவிட்டது. டெஸ்க்டாப் இருந்தால் ஃபயர்வயர் துளை உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டுகளில் தொல்லை குறைவு. சோனி கேமராவில் இந்தத் துளைக்கு ஐ-லிங்க் என்று பெயர் போட்டிருக்கும். கேமரா முனை சின்ன 4 பின், கார்டு முனை பெரும்பாலும் 6 பின். 6 பின்னில் மின்சாரமும் வருவதால், தலைகீழாக அழுத்திவிட்டால் கேமராவின் துளை கருகிவிடும். கேமரா, கணினி இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று மலிவாக விற்கும் வயரை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு முறை. வெறும் வயரால் அவற்றை இணைக்க முடியாது. கேமராவிலேயே இருக்கும் யுஎஸ்பி துளையும் பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள போட்டோக்களுக்கானது.

யுஎஸ்பி ஸ்டிக் பெரும்பாலான லேப்டாப்புகளில் வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் கேசட்டில் இருக்கும் டிஜிட்டல் படத்தைக் கேமரா அனலாக் ஆக்கி அனுப்ப, ஸ்டிக் அதைத் திரும்ப டிஜிட்டல் ஆக்குகிறது. மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருவதால் அரக்குப் பட்டுப் புடவையின் நிறம் ஓரத்தைத் தாண்டிக் கசியும், நுணுக்கமான கோடுகளில் புள்ளிகள் ஊரும். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கணிசமாகத் தேறும். மலிவான ஸ்டிக்குகளில் ஃப்ரேம் விட்டுப்போய், கேசட் முடியும் தறுவாயில் உதடும் குரலும் ஒட்டாமல் போவதும் உண்டு.

கேசட் ஹை-8 என்றால் கதை வேறு. அது அனலாக் பதிவு என்பதால் ஃபயர்வயர் நேராக உதவாது. பழைய ஹை-8 கேசட்டையும் ஓட்டக்கூடிய சோனி டிஜிட்டல்-8 கேமரா கிடைத்தால், அதுவே படத்தை டிஜிட்டலாக்கி ஃபயர்வயரில் தரும். கிடைக்காவிட்டால் எஸ்-வீடியோவும் ஓரளவு நல்ல ஸ்டிக்கும் போதும்.

டிவிடி ரெக்கார்டர் எளிது, பொத்தானை அழுத்தினால் வட்டு தயார். 4.7 ஜிபி வட்டில் எக்ஸ்பி முறையில் ஒரு மணி நேரம், எஸ்பி முறையில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். படம் அப்போதே எம்பெக்-2 ஆகச் சுருங்கிவிடுவதால் பிறகு எடிட் செய்ய நினைத்தால் தரம் மேலும் குறையும். ஃபைனலைஸ் செய்ய, அதாவது பதிவை முடித்து வட்டை மூட, மறந்தால் வேறு பிளேயரில் ஓடாது. எடிட்டிங்கே வேண்டாம், நாலு பேருக்குக் கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

கணினியில் டிவிடி ஆக்குபவர்களுக்கு டிவிடிஸ்டைலர் (DVDStyler) என்ற மென்பொருள் இலவசம். ஒரு வட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் நொடிக்கு 8 மெகாபிட் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்தைத் திணித்தால் 5-க்கு இறங்கும், ஓடும் குழந்தையைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஃபயர்வயரில் வந்த கோப்புக்கு ஃபீல்டு வரிசை (ஒரு ஃப்ரேமின் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளில் எந்தப் பாதி முதலில் என்பது) ‘லோயர் ஃபர்ஸ்ட்’. இதை மாற்றி வைத்தால் கணினியில் சரியாகத் தெரிந்த படம் தொலைக்காட்சியில் முன்னும் பின்னுமாக உதறும். முதலில் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை ரீரைட்டபிள் வட்டில் எழுதிப் போட்டுப் பாருங்கள்.

டிவிடி எழுதிய பிறகும் ஏவிஐ கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்பி முறையில் (டேப்பை மெதுவாக ஓட்டிக் கூடுதல் நேரம் பதிவது) பதிந்த கேசட்டுகள் வேறு கேமராவில் ஒழுங்காக ஓடுவது அரிது. அவற்றை எடுத்த கேமரா இன்னும் உயிரோடு இருந்தால், முதலில் அந்தக் கேசட்டுகளை இறக்குங்கள்.