‘போர்ட் எரிஞ்சிடுச்சு அக்கா’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு மளிகைக்கடை, ஒரு லாட்ஜ், பஜாரில் ஒரு துணிக்கடை. ரவுட்டர் முன்கூடத்தில், என் கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவில் பழைய கருங்கல் சுவர், வைஃபை தாண்டாது. அதனால் கூரை ஓரமாக வெளியே லேன் கேபிள் இழுத்திருந்தோம். ஏழு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன நவம்பர் மழையில், 18ஆம் தேதி காலை நெட் நின்றது. 20ஆம் தேதிக்குள் கடைகளுக்கு ஜி.எஸ்.டி.ஆர். 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கு போட வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். முன்கூடத்தில் போனுக்கு வைஃபை நன்றாகவே வந்தது. லைனும் ரவுட்டரும் சரி என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் ஒரு கடைக்கு போன் போட்டேன்.

வந்த தம்பி கம்ப்யூட்டரில் எதையோ திறந்து காட்டினான். "பாருங்கக்கா, 169.254னு வருது. இடியில போர்ட் எரிஞ்சிடுச்சு." போர்ட் என்றால் கம்ப்யூட்டரில் லேன் கேபிள் செருகும் துளை. முந்தின நாள் இடி இடித்தது உண்மை. இடியில் போர்ட் போவதும் நடக்காததல்ல. நம்பிவிட்டேன். அந்தப் போர்ட்டுக்குப் பதிலாக யுஎஸ்பி லேன் அடாப்டர் 1,400, கேட் 6 ரக லேன் கேபிள் 40 மீட்டர் 1,800, மேடு ஏறி வந்த கூலி 600. மொத்தம் 3,800. பில் அப்புறம் தருகிறேன் என்றான். பழைய கேபிளை, "உங்களுக்கு எதுக்குக்கா குப்பை" என்று சுருட்டி எடுத்துக்கொண்டும் போனான்.

சரியாக மூன்று வாரம். மறுபடி நின்றது. கடையில் போனை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஐயா தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிளேடும் கண்ணாடியுமாக வந்தார். முதலில் கம்ப்யூட்டரைத் தூக்கி முன்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ரவுட்டரோடு டப்பாவில் வந்த சின்ன வயரை எடுத்து, 'எரிந்துபோன' அந்தப் பழைய போர்ட்டில் செருகினார். டிக்கென்று பச்சை விளக்கு எரிந்தது. நெட் வந்துவிட்டது.

"ஏம்மா, இதுக்கா ஆயிரத்து நானூறு?"

169.254 என்று தொடங்கும் எண் வந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தமாம். கேபிள் சரியில்லை என்றாலும் அது வரும்.

அப்புறம் புதுக் கேபிளின் நுனியை வெட்டி, ஒரு கம்பியைப் பிளேடால் மெல்லச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், இரண்டு சுரண்டலில் உள்ளே வெள்ளை. அலுமினியம். நாலு தடவை மடக்கினார், பட்டென்று ஒடிந்தது. கேபிள் உறையில் ‘சிசிஏ’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டும் இருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்பதன் சுருக்கம் அது. பிளக்குக்குள் கம்பி நாளடைவில் தளர்ந்துவிடும், ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம் என்றார்.

மேசைக்கு அடியில் பெருக்கும்போது பழைய கேபிளிலிருந்து அவன் வெட்டிப்போட்ட பிளக் கிடைத்தது. அந்த எட்டுப் பின்களில் மூன்றில், விளக்காத குத்துவிளக்கு மாதிரி பச்சைக் களிம்பு. மூடுபனியும் சாரலும் ஜன்னல் வழியாக அதில்தான் விழும். பத்து ரூபாய் பிளக்கை மாற்றி, கருவியால் அழுத்திப் பொருத்தியிருந்தால் (கிரிம்ப்) வேலை முடிந்திருக்கும். அவன் சுருட்டிக்கொண்டு போனது நல்ல செம்புக் கம்பி! அதுதான் இன்னும் எரிகிறது எனக்கு.

கடைக்கு நேரிலேயே போனேன். "அன்னைக்கு வேலை செய்யலக்கா, இன்னைக்குச் செய்யுதுன்னா நான் என்ன பண்றது" என்றான். பழைய கேபிள் எங்கே என்றால் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியபோது முதலில் பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 2,000 ரூபாய்க்கான ஜிபே ரசீது மட்டும், மீதி ரொக்கம். ஊட்டியில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது என்றாலும் 3,800க்கு எத்தனை நாள் பஸ் ஏறுவது?

குன்னூரில் முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்கி வந்தேன், கடையிலேயே ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான். ஐயாவே பிளக் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டு ஒரு காபி குடித்தார். அடாப்டர் அலமாரியில் சும்மா கிடக்கிறது. கோத்தகிரிப் பக்கம் யாருக்காவது உண்மையிலேயே போர்ட் எரிந்திருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.