செக் திரும்பினால் எது முதலில்: 138 புகாரா, கட்டளை 37 வழக்கா?

மண்டபத்து நண்டுக் கம்பெனிக்கும் ராமேசுவரத்து விசைப்படகுக்காரருக்கும், தொண்டி கருவாட்டு வியாபாரிக்கும் வெளியூர் மொத்த வியாபாரிக்கும் கொடுக்கல் வாங்கல் முறிந்தால், கடைசியில் வக்கீல் மேசைக்கு வருவது பணமில்லாமல் திரும்பிய ஒரு செக்கும் அதோடு பின் குத்திய வங்கி மெமோவும்தான். வழி இரண்டு. செலாவணி முறிச் சட்டம் 138 ஆம் பிரிவில் குற்றவியல் நடுவரிடம் புகார். இல்லையென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 37 இல் சுருக்க வழக்கு, அதாவது முழு விசாரணை இல்லாமலே டிக்ரி கேட்கும் பண வழக்கு. இரண்டையும் ஒருசேர நடத்தத் தடையில்லை. ஆனால் கட்சிக்காரரிடம் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் காசு இருக்கும். நான் 138 பக்கம். 2025 இல் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு கூடுதலாகவே.

செலவை நீட்டி எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். 138 புகாருக்கு அந்தப் பாரம் கிடையாது. பண வழக்கு சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2021 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

வணிகர்களுக்குள் 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வழக்குக்கு இன்னொரு படி இருக்கிறது: வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவின்படி வழக்குப் போடுமுன் சமரச முயற்சி. 2022 இல் உச்ச நீதிமன்றத்தின் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு அதைக் கட்டாயமாக்கியது. அந்தப் படியைத் தாண்டித் தாக்கல் செய்தால் பிராது (வழக்கு மனு) நிராகரிக்கப்படும். அவசர இடைக்கால நிவாரணம் உண்மையிலேயே வேண்டுமென்றால் மட்டும் விலக்கு. பெயருக்கு ஒரு இடைக்கால மனுவை ஒட்டி வைத்தால் நீதிமன்றம் கண்டுகொள்ளும். நண்டுக் கணக்கில் 3 லட்சம் பெரிய தொகையே அல்ல, ஆகவே பெரும்பாலான வழக்குகள் இந்தச் சல்லடையில் விழும்.

கட்டளை 37 கேட்பதற்கு வேகமானது. சம்மன் சார்வான, அதாவது கையில் சேர்ந்த, 10 நாளில் பிரதிவாதி ஆஜராக வேண்டும். பிறகு தீர்ப்புக்கான சம்மன். அது சார்வான 10 நாளில் எதிர்வழக்காட அனுமதி கேட்க வேண்டும். தவறினால் டிக்ரி. பிராதிலேயே கட்டளை 37 இன் கீழ் தாக்கல் என்று தெளிவாகச் சொல்லி, தலைப்பில் வழக்கு எண்ணுக்குக் கீழே அதைப் பொறித்திருக்க வேண்டும். இதை விட்டால் சாதாரண வழக்காகிப் போகும். வட்டிக்கு எழுத்தில் விகிதம் இல்லாவிட்டால் செலாவணி முறிச் சட்டத்தின் 80 ஆம் பிரிவு ஆண்டுக்கு 18 சதவீதம் தருகிறது. அனுமதி மனுவில் பிரதிவாதி கொஞ்சம் நம்பும்படியான வாதத்தை வைத்துவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். சில வேளை தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை வரும், அவ்வளவுதான்.

இத்தனையும் முடிந்து டிக்ரி கையில் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. என் சாய்வுக்குக் காரணமும் இதுதான். கரையில் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? கடலோரக் குடியிருப்புகளில் பட்டா மனைவி பேரிலோ தாய் பேரிலோ இருக்கும். பல இடங்களில் பட்டாவே இருக்காது. மிஞ்சுவது படகு. அது கடலுக்குப் போனால் ஜப்தி உத்தரவோடு நீதிமன்ற அமீனா படகுத் துறையில் நிற்க வேண்டியதுதான். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் டிக்ரியின் ஈடே போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் ஏறி மராமத்துக்கு நிற்கும். ஜப்திக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை! ஆகவே நிறைவேற்று மனுவை பிப்ரவரியிலேயே தயார் செய்து, படகின் பதிவு விவரத்தை மீன்வளத் துறையிலிருந்து வாங்கிச் சேர்த்து, ஏப்ரல் முதல் பாதிக்குள் உத்தரவு வாங்கிவிட வேண்டும். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021 இல் ராகுல் எஸ். ஷா வழக்கிலும், 2025 மார்ச்சில் தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மனுவோடு இணைப்பது நல்லது. இணைத்தால் மட்டும் படகு கரைக்கு வந்துவிடாது.

138 இல் வசூல் என்பது தீர்ப்புக்குப் பிறகு தொடங்கும் தனி வேலையல்ல. தண்டனை 2 ஆண்டு வரை, அபராதம் செக் தொகையின் இருமடங்கு வரை என்ற பயம் முதல் வாய்தாவிலிருந்தே வேலை செய்கிறது. நடுவர் நீதிமன்றத்துக்கு மே விடுமுறையும் இல்லை. 2025 செப்டம்பரில் சஞ்சபிஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைமுறையையே மாற்றி அமைத்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223 ஆம் பிரிவைக் காட்டி, கோப்புக்கு எடுக்குமுன்பே எதிரிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. சம்மனை வழக்கமான வழியோடு மனுதாரர் நேரிலும், மின்னஞ்சல், வாட்ஸ்அப் வழியாகவும் சார்வு செய்து பிரமாணப் பத்திரம் போட வேண்டும். புகாரின் முகப்பில் வழக்குச் சுருக்கம் ஒன்று இருக்க வேண்டும். எதிரி இணையவழியில் நேரடியாகப் பணம் கட்ட வசதி செய்ய வேண்டும்; இது எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கடன் என்பதால் மட்டும் கடன் செல்லாது என்ற வாதமும் அதோடு முடிந்தது.

சமரசமாக முடிக்க எதிரி செக் தொகைக்கு மேல் கட்ட வேண்டிய செலவு விகிதமும் அதே தீர்ப்பில் மாறிவிட்டது. எதிரி தன் தரப்புச் சாட்சியம் தொடங்குமுன் செக் தொகையைக் கட்டினால் கூடுதல் செலவு இல்லை. அதன்பின் தீர்ப்புக்கு முன் 5 சதவீதம், செஷன்ஸிலும் உயர் நீதிமன்றத்திலும் 7.5, உச்ச நீதிமன்றத்தில் 10. 2010 இல் உச்ச நீதிமன்றம் தாமோதர் பிரபு தீர்ப்பில் வைத்த பழைய விகிதத்தில் முதல் இரண்டு வாய்தாவைத் தாண்டினாலே 10 சதவீதம். அதாவது எதிரிக்கு இப்போது இழுத்தடிக்க நீண்ட இலவச இடம் கிடைத்திருக்கிறது. இதைச் சமன் செய்ய அதே சட்டத்தின் 143ஏ பிரிவு இருக்கிறது: எதிரி குற்றத்தை மறுத்ததும் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்டு மனுப் போட வேண்டும். 2024 இன் ராகேஷ் ரஞ்சன் தீர்ப்புக்குப் பிறகு அது கட்டாயம் அல்ல, நீதிபதியின் விருப்புரிமை. ஆகவே வெறும் பிரிவு எண்ணை எழுதி மனுப் போடாமல் பில், மீன் ஏலச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து, முதல் பார்வையில் கடன் உண்மை என்று காட்ட வேண்டும். தவணைச் சமரசம் எழுதும்போது தடைக்கால மாதங்களில் தவணை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத் தவணையை எந்தப் படகுக்காரரும் கட்டியதாகச் சரித்திரம் இல்லை. சமரசத்தை மக்கள் நீதிமன்றத்தில் பதிந்தால் அந்த உத்தரவை டிக்ரியாகவே நிறைவேற்றலாம்.

138 கவிழும் இடம் நோட்டீஸ்தான். செக்கை அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். அது திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ்; பெற்றதிலிருந்து எதிரிக்கு 15 நாள்; அதன்பின் ஒரு மாதத்தில் புகார். புகாரின் தாமதத்தைத் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் செய்யலாம், நோட்டீஸின் தாமதத்துக்கு மன்னிப்பே இல்லை. 15 நாள் முடியுமுன் போட்ட புகாரும் நிற்காது. நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகைதான். 2025 இன் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் ஒரு கோடி செக்குக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று விழுந்துவிட்டது. தட்டச்சுப் பிழை என்ற விளக்கம் எடுபடவில்லை, புகார் நிற்கவில்லை. வட்டி, வக்கீல் செலவு கேட்டால் தனிப் பத்தியில், செக் தொகையிலிருந்து பிரித்து.

இங்கே அடிக்கடி நடப்பது ஜிபே சிக்கல். 5 லட்சத்துக்குச் செக் கொடுத்தவர் அவ்வப்போது 20,000, 30,000 என்று ஜிபேயில் அனுப்பியிருப்பார். முழுத் தொகைக்கே செக்கைப் போட்டால், தஷ்ரத்பாய் தீர்ப்பின்படி (2022) அந்தத் தேதியில் செக் காட்டும் தொகை வசூலிக்கத்தக்க கடனே அல்ல, வழக்கு போச்சு. செலாவணி முறிச் சட்டம் 56 ஆம் பிரிவின்படி வரவைச் செக்கிலேயே குறித்து மீதிக்குப் போட வேண்டும், அல்லது மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்க வேண்டும். பிந்தையது சுலபம்.

கூட்டாண்மைக் கம்பெனி என்றால் 2025 ஜூலையின் தனசிங் பிரபு தீர்ப்பு கை கொடுக்கும்: நிறுவனத்தைச் சேர்க்காமல் பங்குதாரர்கள் மேல் போட்டதாலேயே புகார் விழாது. பிரைவேட் லிமிடெட் என்றால் அந்தச் சலுகை இல்லை, கம்பெனியைச் சேர்த்தே தீர வேண்டும்.

நோட்டீஸின் 30 நாள் தவறி, செக்கை மறுபடி வங்கியில் போட அதன் 3 மாதமும் மிச்சமில்லை என்றால், அல்லது செக் கொடுத்தவர் இறந்துவிட்டால் 138 இல் வழியில்லை. குற்றவியல் வழக்கு எதிரியோடு முடிந்துவிடும், உரிமையியல் வழக்கோ வாரிசுகள் கைக்கு வந்த சொத்து வரை போகும். எதிராளி பேரில் வில்லங்கமில்லாத மனையோ ஐஸ் பேக்டரிப் பங்கோ இருந்து அதை விற்கப் பார்க்கிறார் என்றாலும், தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யக் கேட்கும் கட்டளை 38 விதி 5 மனுவோடு உரிமையியல் வழக்கே முதலில். மற்ற எல்லாவற்றிலும் 138 ஐ முன்னே போட்டு, கடன் தேதியிலிருந்து 3 ஆண்டுக் காலவரம்பு முடியும் நாளைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். 138 நடந்துகொண்டிருப்பது அந்தக் காலவரம்பை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காது.