ஊட்டியில் ‘புது’ ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள்

நீலகிரிப் பக்கம் காருக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சப் ஊஃபர் மாட்டியிருப்பவர்களும் மாட்டப்போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். ஊட்டியில் ஒரு கார் ஆடியோ கடை என்னிடம் கெப்பாசிட்டர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும், நாம் டைனமோ என்று சொல்வது) என்று வரிசையாகப் பணம் வாங்கியது. பழுது இந்த மூன்றிலுமே இல்லை. அதைவிட மோசம், புதிது என்று பில் போட்ட ஆல்டர்னேட்டர் என் வண்டியில் இருந்த அதே பழசுதான், பெயிண்ட் அடித்து மறுபடி மாட்டியது.

வண்டி பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல். ஆம்பும் டிக்கியில் சப் ஊஃபரும் அந்தக் கடையில்தான் மாட்டினேன், வாரண்டியும் அங்கேதான். ஆரம்பத்தில் குறையில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை தொடங்கியது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீ என்று ஒரு சத்தம் கூடவே ஏறும், கொஞ்ச நேரத்தில் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடும். காலையில் செல்ஃபும் இழுத்து இழுத்துத்தான் எடுக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் மேலே வரும்போது பர்லியார் தாண்டிப் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஃபாக் லைட், வைப்பர், புளோயர் எல்லாமே ஓட வேண்டும், அந்த நேரம் பார்த்துக் கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் மஞ்சளாகிப் போனால் என்ன ஆகும் என்று இந்த ரோட்டில் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு நின்றால் போகட்டும், இது உயிர் விஷயம்.

கடையில் மீட்டரை யாரும் கையில் எடுக்கவே இல்லை. “வோல்டேஜ் டிராப் ஆகுது சார், ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா சரியாயிடும்” என்றார் கடைக்காரர். போட்டார், சரியாகவில்லை. ஆகவும் ஆகாது. கெப்பாசிட்டர் என்பது கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சட்டென்று விடுவது, அவ்வளவுதான். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது கொடுப்பது வெறும் 26 ஜூல். ஆயிரம் வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு நேரம்தான் வரும், அப்புறம் கெப்பாசிட்டரே அதே ஆல்டர்னேட்டரிடம் கை நீட்டும்.

அடுத்து, குளிருக்குப் பேட்டரி வீக் ஆகிவிட்டது என்றார்கள். ஊட்டிக் குளிரில் இதை யாரும் நம்புவார்கள், குளிரில் பேட்டரியின் பலம் குறைவதும் உண்மைதான். புதுப் பேட்டரி முழுச் சார்ஜோடு வந்ததால் கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை.

அப்புறம்தான் டைனமோ. கடைப் பையன் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றினான், இன்ஜின் திணறி நின்றது, “பாத்தீங்களா சார், டைனமோ போச்சு” என்றான். இதை எந்தக் கடையிலும் செய்ய விடாதீர்கள். நல்ல ஆல்டர்னேட்டரே அப்படிக் கழற்றினால் நின்றுபோகலாம், அதனால் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம், ஸ்டீரியோ எல்லாவற்றையும் காவு வாங்கிவிடலாம். மறுநாள் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒன்றை மாட்டி 9,500 ரூபாய்க்கு ‘புது ஆல்டர்னேட்டர்’ என்று பில் எழுதிக் கொடுத்தார்கள். பழசைக் கேட்டேன். “எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு சார்.” பழுது அப்படியே இருந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: ஆம்ப் போர்டு போய்விட்டதாம், கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டுமாம்.

அன்றைக்கே வண்டியைக் கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஆடியோ வேலை செய்கிறவர் இல்லை, ஆட்டோ எலக்ட்ரீஷியன். “பாட்டை நிறுத்தாதே தம்பி, ஓடட்டும். லைட்டு, புளோயர் எல்லாத்தையும் போடு” என்று சொல்லி மல்டிமீட்டரை எடுத்தார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், கடையில் செய்யாமல் விட்டது இதுதான்.

முதலில் ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வைத்தார்: 14.3 வோல்ட். ஆக, உற்பத்தியில் குறையில்லை. பேட்டரியின் இரண்டு முனைகளில்: 13.1. உற்பத்தியாகும் இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் 1.2 வோல்ட் காணாமல் போகிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கு வைத்தபோது 0.3, கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு வைத்தார், மீட்டர் 0.9 காட்டியது. அந்த இடத்தில் 0.2-க்கு மேல் வந்தாலே எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் வண்டியின் உடம்போடும் சேர்க்கும் இணைப்பு, சரியில்லை என்று அர்த்தம்.

குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். கியர் பாக்ஸுக்கு வரும் எர்த் கேபிளின் முனையில் போல்ட் போடும் லக் முழுக்கப் பச்சைக் களிம்பு, கையால் அசைத்ததும் கம்பிகள் பொலபொலவென்று உதிர்ந்தன, மிச்சம் நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பருவமழையும் வருஷம் முழுக்க ஈரமும் உள்ள மலையில் இது எந்த வண்டிக்கும் வரும். செல்ஃப் இழுத்தது, லைட் மங்கியது எல்லாம் இதனால்தான். ஸ்பீக்கர் சத்தத்துக்கும் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

டிக்கியில் ஆம்பின் முனையில் பார்த்தபோது 11.6, பேஸ் அடித்தால் 10.4. ஆம்பின் எர்த்தைக் கடைக்காரர்கள் பெயிண்டைச் சுரண்டாமல் அப்படியே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். ‘முழுச் செம்பு’ என்று விற்ற சிவப்பு வயரைப் பெரியவர் பிளேடால் சுரண்டினார், உள்ளே வெள்ளையாக அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். அலுமினியம் செம்பில் அறுபது சதவீத அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும், அதே தடிமனில் போட்டால் காணாது. அந்த வயரில் பேட்டரிப் பக்கம் ஃபியூஸும் இல்லை. பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும், எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் வண்டியே எரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பெரியவர் அந்தப் ‘புது’ ஆல்டர்னேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சில வருஷம் முன்பு என் வண்டிக்குக் கார்பன் பிரஷ் மாற்றியது அவர்தான், கை வைத்த டைனமோவில் ஆணியால் மாதமும் வருஷமும் கீறி வைப்பது அவர் வழக்கம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் பெயிண்டைச் சுரண்டினார். 8/22 என்று அவர் கையெழுத்து வெளியே வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

புது எர்த் கேபிள், லக், ஆம்ப் எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி வாஷர் போட்டது எல்லாம் சேர்த்து 650 ரூபாய். செம்பு வயரும் ஃபியூஸும் தனியாக வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதே லோடில் பேட்டரியில் 14.1, ஆம்பில் 13.7. அந்தக் கீ சத்தம் இல்லை. போர்டு போய்விட்டதாகச் சொன்ன அதே ஆம்ப்தான் ஓடுகிறது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில புது மாடல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இசிஎம் கட்டுப்படுத்துவதால் சில நேரம் வேண்டுமென்றே 13-க்குக் கீழே இறக்கி வைக்கும், அதை வைத்தும் “டைனமோ போச்சு” என்பார்கள். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்ட பிறகும் ஏறவில்லையா என்று பாருங்கள். சத்தம் கேட்டால் பெல்ட்டையும் பாருங்கள், ஈரக் காலையில் பெல்ட் வழுக்கினாலும் சார்ஜ் குறையும்.

ஃபோட்டோவோடு கடைக்குப் போனேன். முதலில் கத்தினார்கள், பிறகு “பையன் பண்ணிட்டான் சார்” என்று பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். வாங்கவில்லை. முழுப் பணம் கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும், வக்கீல் இல்லாமலும் கொடுக்கலாம், விவரம் கேட்க 1915. கையால் எழுதியதாக இருந்தாலும் ‘புது’ என்று போட்ட பில்லைப் பத்திரமாக வையுங்கள், எனக்கு இப்போது கையில் இருப்பது அதுவும் ஃபோட்டோவும்தான்.

சமீபத்தில் ஊட்டி, குன்னூர் பக்கம் யாராவது ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் போல்ட் தலைகளிலும் ஸ்டிக்கர் மேலும் பெயிண்ட் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுச் சரக்கில் அப்படி இருக்காது.