8 வாட் வால்வ் ஆம்ப்ளிஃபயரும் 97 டெசிபல் ஸ்பீக்கரும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது, ஸ்பீக்கரின் உணர்திறனை, அதாவது குறிப்பிட்ட மின்னளவுக்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் குறிக்கும் டெசிபல் எண்ணைத்தான். அந்த எண் பாதி விஷயத்தையே சொல்கிறது. மீதிப் பாதி, ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளக்கப்படுவது) அதிர்வெண்ணுக்கு ஏற்ப எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலும், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு எவ்வளவு என்பதிலும் அடங்கியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு 300பி வால்வைக் கொண்டு ஏறத்தாழ 8 வாட் தரும் சிங்கிள் எண்டட் (ஒலி அலை முழுவதையும் அந்த ஒரே வால்வ் பெருக்கும்) ஆம்ப்ளிஃபயரை, கீழ்ஸ்தாயிக்கு 15 அங்குல வூஃபரும் அதற்கு மேல் ஒரு ஹார்னும் (விரிந்த வாயுள்ள ஒலிக்குழல்) கொண்ட 97 டெசிபல் ஸ்பீக்கர்களுடன் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒலியின் அளவு 3 டெசிபல் கூட வேண்டுமானால் இரு மடங்கு மின்திறன் தேவை. 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு தேவை. ஆகவே 97 டெசிபல் ஸ்பீக்கரில் 8 வாட் எழுப்பும் ஒலியை 87 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப 80 வாட் வேண்டும். திரையரங்குகளுக்காக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1930களில் 300பி வகை வால்வுகளை உருவாக்கிய காலத்தில் வாட் என்பது அரிதான பொருள். அந்தக் குறைந்த வாட்டைக் கொண்டு ஓர் அரங்கையே நிரப்பியவை பெரிய ஹார்ன்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவது அதனால்தான்.

உணர்திறன் எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான விவரக்குறிப்புகளில் அந்த எண் 2.83 வோல்ட்டுக்குச் சொல்லப்படுகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் 95 என்று அச்சாகியிருந்தால் அதை 92 என்றே எடுத்துக்கொள்வேன்.

இதற்கு முன் இதே ஆம்ப்ளிஃபயரை 87 டெசிபல் கொண்ட சிறிய பெட்டி ஸ்பீக்கர்களுடன் கேட்டிருக்கிறேன். தனிக்குரலும் தம்புராவும் மட்டும் ஒலிக்கும்வரை குறை தெரியவில்லை. தாளவாத்தியம் சேர்ந்த கணத்தில்தான் வேறுபாடு புலப்பட்டது. இசையின் உச்சங்கள் சராசரி ஒலியைவிட 15, 20 டெசிபல் மேலே எழக்கூடியவை. அந்த உச்சங்களுக்கு 8 வாட் போதாதபோது ஒலி உடனே கரகரப்பதில்லை, அடிகளின் முனை மழுங்கி எல்லாம் ஒரே தளத்துக்கு வந்துவிடுகிறது. ஹார்ன் ஸ்பீக்கரில் அதே பதிவைக் கேட்டால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது. சாதாரணமாகக் கேட்கும் அளவில் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழேயே இயங்குகிறது. சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயரில் 300பி போன்ற டிரையோடு வகை வால்வ் மிகத் தூய்மையாக இருப்பதும் அந்த எல்லைக்குள்தான்.

இனி மின்மறுப்பு. பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத 300பி ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு இரண்டு, மூன்று ஓம் வரை இருப்பது இயல்பு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் இது பொதுவாக ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஓம் என்று அட்டையில் எழுதப்பட்ட ஸ்பீக்கர் ஓர் அதிர்வெண்ணில் 5 ஓமாகவும் வேறோர் அதிர்வெண்ணில் 40 ஓமாகவும் இருந்து, ஆம்ப்ளிஃபயரின் மின்மறுப்பு 2.5 ஓமாக இருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3 டெசிபல் ஏற்றத்தாழ்வு தானாகவே உண்டாகிவிடும். யாரும் திருகாத ஒரு டோன் கண்ட்ரோல் உள்ளே இயங்குவது போன்றது இது. ஆகவே 100 டெசிபல் என்று இருந்தாலும் மின்மறுப்பு வரைபடம் மலையும் பள்ளமுமாக இருக்கும் ஸ்பீக்கரைவிட, 94 டெசிபல் இருந்து வரைபடம் சீராக ஓடும் ஸ்பீக்கரையே இவ்வகை ஆம்ப்ளிஃபயருக்குத் தேர்ந்தெடுப்பேன்.

இதை என் வீட்டில் தெளிவாகக் கேட்க முடிந்தது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 4, 8, 16 ஓம் முனைகள் உள்ளன. 8 ஓம் முனையில் இணைத்தபோது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற வழுக்கும் நாதம் சற்றுப் பருத்து, அடி முடிந்த பின்னும் ஒரு கணம் தங்கியது. கம்பியை 4 ஓம் முனைக்கு மாற்றியவுடன் அந்த நாதம் இறுகியது. எங்கே தொடங்கி எங்கே வழுக்கி முடிகிறது என்பது காதில் விழுந்தது. அந்த முனையில் வெளியீட்டு மின்மறுப்பு ஏறக்குறைய பாதியாகிறது, வால்வுக்குத் தெரியும் சுமை இரு மடங்காகி உருக்குலைவும் குறைகிறது. கிடைக்கும் உச்ச மின்திறன் குறையும் என்பது உண்மைதான், ஆனால் 97 டெசிபல் ஸ்பீக்கரில் அந்த இழப்பை நான் உணர்ந்ததே இல்லை. முனைகளை மாற்றும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட வேண்டும். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் இசையை ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகக்கூடும்.

உயர் உணர்திறனுக்கு ஒரு விலையும் உண்டு. இசையைப் பெருக்கிக் காட்டும் ஸ்பீக்கர், இரைச்சலையும் அதே அளவுக்குப் பெருக்கிக் காட்டும். 300பி வால்வின் இழையை மாறுமின்னோட்டத்தால் சூடேற்றும் ஆம்ப்ளிஃபயரில் மெல்லிய ஹம் ஒலி இருந்தே தீரும். மேல்தட்டில் உள்ள சிறிய திருகைத் திருப்பி அதைக் குறைக்கலாம், முழுவதும் போக்க முடியாது. இன்னொரு தொல்லை மிகையான பெருக்கம். டிஜிட்டல் கருவிகள் பொதுவாக 2 வோல்ட் தருகின்றன. என் ஆம்ப்ளிஃபயருக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. அதனால் வால்யூம் குமிழைத் தொடக்கத்திலிருந்து சற்றே திருப்பினாலும் ஒலி போதுமானதாகிவிடும். அந்த இடத்தில் இடது, வலது பக்கங்கள் சமமாக இல்லாததால் பாடகரின் குரல் இடப்பக்கம் சாய்ந்தது. டிஜிட்டல் கருவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் 10 டெசிபல் குறைக்கும் மின்தடை இணைப்பு ஒன்றைச் சேர்த்தபின் குமிழ் நடுப்பகுதிக்கு வந்தது, குரலும் நடுவில் நின்றது.  300பி வால்வின் ஹம் இதனால் மாறவில்லை.

பராமரிப்பு அதிகமில்லை. வால்வுகள் மூப்படைவது மெதுவாக நடப்பதால் காது அதற்குப் பழகிவிடும். வால்வ் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் கேத்தோடு மின்தடையின் வோல்ட்டை அவ்வப்போது அளந்து குறித்து வைப்பதையே நம்புகிறேன். உள்ளே 400 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அந்த அளவீட்டைத் தெரிந்தவரிடம் விட வேண்டும்.

பெரிய வாத்தியக் குழுக்களின் இசையை உரத்துக் கேட்பவர்களுக்கும், இவ்வளவு பெரிய பெட்டிகளுக்கு இடமில்லாதவர்களுக்கும் இந்த இணையை நான் சொல்லமாட்டேன். சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ஸ்தாயி, உயர் உணர்திறன் ஆகிய மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் அமைவது இயற்பியலில் இயலாது. அவர்களுக்கு 30 வாட்டுக்கு மேல் தரும் இஎல்34 வால்வ் புஷ்-புல் (வால்வுகள் இணையாகச் சேர்ந்து எதிரெதிராக இயங்கும்) ஆம்ப்ளிஃபயரும், 90 டெசிபலை ஒட்டிய, மின்மறுப்பு 6 ஓமுக்குக் கீழே இறங்காத ஸ்பீக்கரும் பொருந்தும். அந்த இணையில் பின்னூட்டம் இருப்பதால் வெளியீட்டு மின்மறுப்பும் குறைவாக இருக்கும், ஸ்பீக்கர் தேர்வில் இவ்வளவு கெடுபிடியும் தேவைப்படாது.