டவுன்ஹால் ரோட்டில் சிக்கிய நிக் டிரேக்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய ரேடியோ ரிப்பேர் கடையில், டி.எம்.எஸ். தட்டுகளுக்கு நடுவே நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ எல்.பி. தட்டு கிடைத்தது. மறுபதிப்புதான், ஆனாலும் விடுவேனா!

நிக் டிரேக் இங்கிலாந்துப் பாடகர், பிறந்தது 1948-இல் ரங்கூனில் (நம்ம பக்கத்தில் பர்மா போய் வந்த குடும்பங்களுக்குக் குறைவில்லையே). மொத்தமே மூன்று ஆல்பம், மேடை ஏறிப் பாடுவதென்றாலே ஆகாது, 1974-இல் 26 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், உயிரோடு இருந்தவரை சீந்த ஆளில்லை, 1999-இல் ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் இந்த ‘பிங்க் மூன்’ தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் விற்பனை எகிறியது.

1972-இல் வந்த இந்தத் தட்டில் குரலும் கிட்டாரும் மட்டும்தான், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ எட்டிப் பார்க்கும். கம்பியில் விரல் வழுக்கும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கிறது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதுதான் குறை.

இரண்டாம் பக்க ஆரம்பத்தில் கீறல், ஊசி துள்ளுகிறது. காசைத் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் “வித்தது வித்ததுதான் தம்பி” என்கிறார். பேரம் பேசலாம், பாதி விலைக்கு இறங்குவார், ஆனால் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.