பாட்டாவின் மூன்று கியர் முதல் பேட்டரி கியர் வரை: முட்டத்து உப்புக் காற்றில் என் அனுபவம்

வீடு முட்டத்தில், கடல் கூப்பிடு தூரம். வேலை நாகர்கோவிலில். இருபத்தைந்து வருஷமாக ஏதோ ஒரு கியர் சைக்கிளைச் சவுட்டிக்கொண்டிருக்கிறேன். "நம்ம ஊருக்கு எந்தக் கியர் தாங்கும்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இந்தக் கடற்கரையில் முதலில் சாவது கியரை இழுக்கும் கேபிள், அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதல் வண்டி பாட்டாவின், அதாவது தாத்தாவின், ராலே சைக்கிள். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில், கியர் ஹப்பின் பெயரான ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ என்றும் 62 என்றும் குத்தியிருக்கும், அதாவது 1962இல் செய்தது. மூன்றே கியர். இரண்டாவது நேரடி, முதலாவது அதைவிட 25 சதவீதம் இளக்கம், மூன்றாவது 33 சதவீதம் இறுக்கம். ஆக்சிலோடு அசையாமல் நிற்கும் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி நாலு சின்னப் பல்சக்கரங்கள் உருளும், எல்லாம் ஹப்புக்குள்ளே. மணலும் மழையும் லேசில் உள்ளே போகாது. வெள்ளிச்சந்தையில் பஸ்சுக்கு வழிவிட்டு நிற்கும்போது, நின்ற நிலையிலேயே கியரைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தச் சுகம் செயின் தாவுகிற கியரில் கிடையாது.

எண்ணெய் விடச் சின்ன மூடி உண்டு. ஒரு தடவை கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் அது பிசினாகி, உள்ளே பிடிக்க வேண்டிய நாக்குகள் ஒட்டிக்கொண்டு, சவுட்டினால் பெடல் சும்மா சுற்றியது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்ட பிறகுதான் சரியானது. தயவுசெய்து தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

கேபிள் அளவு பார்ப்பதும் எளிது. லீவரை இரண்டில் வைத்து, வலது பக்க நட்டில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தால், துண்டுச் சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் முனையும் ஆக்சிலின் முனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடம் வரும், எழுந்து நின்று சவுட்டும்போது அது வந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் போய் அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது, வாரம் ஒருமுறை அந்த ஓட்டையைப் பார்க்கும் பழக்கம் அதில் வந்ததுதான்.

2019இல் வாங்கியது டிஸ்க் பிரேக் ரோடு பைக், பின்னால் 11 பல்சக்கரம், கேபிள் கியர். முதல் ஆறு மாதம் சொர்க்கம். அப்புறம் தென்மேற்கு மழை, அது முடிந்தால் வடகிழக்கு மழை, இரண்டுக்கும் நடுவே உப்புக் காற்று. உறைக்குள் கம்பி துருப்பிடித்து இம்மி இழுவை கூடினாலும் செயின் ஒரு பல்லில் நிற்காமல் கடகடவென்று தாவும். மூன்று இடம் பிடித்தால் போதும் என்ற பழைய ஹப் பொறுத்துக்கொண்டதை, 11 இடம் பிடிக்க வேண்டிய இது பொறுக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை கேபிள் மாற்றினேன்.

ஷிமானோ கம்பெனியின் பேட்டரி கியரான டிஐ2 முதலில் அவர்களின் உச்ச வரிசையான டூரா-ஏஸில் 2009இல் வந்தது, நடுத்தர வரிசையான 105 வரை இறங்கி வர 2022 ஆகிவிட்டது. அடுத்த வருஷம் அதற்கு மாறினேன். என் பழைய 11 பல்சக்கர ஹப்பிலேயே 12 பல்சக்கர கேசட் (பல்சக்கர அடுக்கு) உட்கார்ந்ததால் சக்கரத்துக்குச் செலவில்லை. ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டரிலிருந்து சிக்னல் கம்பியில்லாமல் போகிறது, மாற்றுவது மோட்டார். பேட்டரியிலிருந்து கியருக்கு ஒயர் இருக்கிறது, ஆனால் அதில் ஓடுவது மின்சாரம், இழுக்கிற கம்பி எதுவும் கிடையாது. இரண்டு மழை கடந்தும் ஒரு தாவல் இல்லை.

இதன் அருமை தெரிந்தது ஆரல்வாய்மொழியில். ஆடிக் காற்றில் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அறையும். ராலேயில் அங்கே ஒன்று ரொம்ப இளக்கம், இரண்டு சவுட்ட முடியாது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு 33 சதவீத ஏற்றம். இதில் 15 பல்லிலிருந்து 17க்கு இறங்கினால் வித்தியாசம் 13 சதவீதம்தான், கால் வேகம் மாறாமல் மூச்சு சீராக வருகிறது.

சார்ஜ் மட்டும் ஞாபகம் வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து திரும்பும்போது முன் கியர் மாறாமல் நின்றது. பேட்டரி தீரும்போது முதலில் அதுதான் நிற்கும். கொஞ்ச தூரத்தில் பின் கியரும் கடைசியாக இருந்த பல்லிலேயே நின்றுவிட்டது. தக்கலை வரை ஒரே கியரில் வந்தேன். இப்போது சனிக்கிழமை இரவு சார்ஜ் கட்டாயம், சார்ஜ் ஓட்டையின் மூடியை ஈரம் துடைத்துத்தான் திறக்கிறேன்.

வார இறுதியில் மலைப்பக்கம் போகிறவர்கள் காசு இருந்தால் தயங்காமல் மாறுங்கள். தினமும் கடலோரம் ஸ்கூலுக்கும் கடைக்கும் போகிற வண்டிக்கு நான் ஹப் கியர்தான் சொல்வேன். மகள் இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு, அவள் சைக்கிளுக்குப் பாட்டாவின் ஹப்பையே எடுத்தேன். அதில் 40 ஸ்போக் கம்பி ஓட்டை, நம்ம ஊர் சாதா சைக்கிளின் பின் ரிம்மும் அதேதான் என்பதால் பக்கத்துக் கடையிலேயே ரிம் கிடைத்தது. போன வாரம் கம்பி பின்னிப் பூட்டியாயிற்று, ஒரு கேபிள் புதிதாக.