எண்ணூர்ச் சேற்றை யாரிடம் கேட்பது: கருவியிடமா, பாக்டீரியாவிடமா?

வடசென்னையின் எண்ணூரில், காட்டுக்குப்பத்தை ஒட்டிய கொசஸ்தலை ஆற்றில், மார்பளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிப்பவர்களை இன்றும் பார்க்கலாம். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஆற்று நீர் உதட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மாதிரிக் குப்பிகளோடு நான் அங்கே நின்ற ஒரு காலையில், அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பறியை எடுத்துவிட்டு, “இதுல என்ன கலந்துகீதுன்னு எப்ப சார் சொல்லுவீங்க?” என்று கேட்டார். மூன்று வாரம் ஆகும் என்றேன். “அதுக்குள்ள இந்தத் தண்ணி கடலுக்குப் போயி திரும்பி வந்துரும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பறியைக் கடித்துக்கொண்டார். மாசை உணர்வதற்கு மரபணு மாற்றிய பாக்டீரியாவைப் பயன்படுத்தும் முறையை ஏனைய முறைகளோடு ஒப்பிடும்போது, அவருடைய கேள்வியையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

ஆய்வகக் கருவியின் வலிமையில் ஐயத்துக்கு இடமில்லை. ஐசிபி-எம்எஸ் எனப்படும் நிறமாலைமானி ஒரே மாதிரியில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் என்று ஒவ்வொன்றையும் பிரித்து, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே எண்ணிக் கொடுத்துவிடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஈயத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3, பாதரசத்துக்கு 1 என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு மீறப்பட்டதா என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வாதாட வேண்டுமானால், கையில் இருக்க வேண்டியது இந்த எண்தான். ஆனால் கருவி குளிரூட்டிய அறையில் இருக்கிறது, ஆர்கான் வாயு இல்லாமல் ஓடாது, வரிசையில் நமக்கு முன்னால் பலருடைய மாதிரிகள் காத்திருக்கின்றன.

பாக்டீரியா உணரி வேறு வழியில் இயங்குகிறது. நச்சு உலோகங்களோடு வாழப் பழகிய நுண்ணுயிரிகளிடம், நஞ்சு உள்ளே வந்தால் மட்டுமே விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் உண்டு. ஆர்செனிக்கை எடுத்துக்கொண்டால், ஆர்ஸ்ஆர் என்ற புரதம் டிஎன்ஏவின் மீது தாழ்ப்பாளாக உட்கார்ந்திருக்கும்; ஆர்செனிக் வந்து ஒட்டியதும் அது விலகிவிடும். அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் செல்லின் சொந்த மரபணுவுக்குப் பதிலாக ஒளி தரும் மரபணுவையோ நிறம் தரும் நொதியின் மரபணுவையோ பொருத்திவிட்டால், ஈ.கோலை என்ற பாக்டீரியா ஆர்செனிக்கைக் கண்டதும் ஒளிரும், அல்லது நிறம் காட்டும். இது ஏட்டளவில் நின்றுவிட்ட யோசனையன்று. வியட்நாமின் செவ்வாற்று, மேக்கோங் டெல்டாக்களில் எடுத்த 194 நிலத்தடி நீர் மாதிரிகளில் இம்முறையைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். 10 மைக்ரோகிராம் வரம்பில், இருந்தும் இல்லை என்று சொன்ன பிழை 8 விழுக்காடு, இல்லாததை இருக்கிறது என்று சொன்ன பிழை 2.4 விழுக்காடு. கிராமங்களில் பயன்பட்டுவந்த வேதிச் சோதனைப் பெட்டிகளைவிட இது மேலானது. அந்தப் பெட்டிகள் சோதிப்பவரின் மூக்குக்குப் பக்கத்திலேயே ஆர்சின் என்ற நச்சு வாயுவை உண்டாக்குபவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் ஆர்செனிக் வங்காள டெல்டாவின் தலைவலி. அந்த வெற்றியை அப்படியே எண்ணூருக்குக் கொண்டுவர முடியாது. இங்கே அனல்மின் நிலையச் சாம்பலோடும் ஆலைக் கழிவோடும் வருவது பல உலோகங்களின் கலவை. துத்தநாகம், காட்மியம், ஈயம் மூன்றுக்கும் ஒரேபோல வாய் திறக்கும் உணரிப் புரதங்கள் உண்டு; அப்படிப்பட்ட ஒன்றை முகத்துவாரத்து நீரில் போட்டால் அது கண்டது எதை என்று அதனிடமே கேட்க முடியாது.

இரண்டு முறைகளுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு வேகத்தில் இல்லை, கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது. உலோக ஆய்வுக்கான குப்பியில் நீரை நிரப்பியதும் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் அளவை 2-க்குக் கீழே இறக்குகிறோம். சேறாக இருந்தால் ஆய்வகத்தில் அமிலத்திலிட்டுச் சூடாக்கிக் கரைக்கிறோம். மண்துகளோடு ஒட்டியிருந்த உலோகமும் அப்போது கழன்று வந்துவிடும். கருவி சொல்வது மொத்தக் கையிருப்பு. பாக்டீரியாவோ தன் சவ்வைக் கடந்து உள்ளே வந்ததை மட்டுமே அறியும். அது சொல்வது, அந்த நேரத்தில் உயிருக்குள் புகக்கூடிய பங்கு. அதனால் இரண்டுக்கும் ஒரே குப்பி உதவாது. அமிலம் விட்ட நீரில் உணரி பாக்டீரியா செத்துப்போகும், நடுநிலையாக்கினாலும் அது பார்ப்பது பழைய நீரையன்று.

இறால் தடவுபவருக்குப் பயன்படுவது இரண்டாவது எண்தானே என்று தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. எண்ணூர்ச் சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் தடுமாறும். மேலே விரலளவுக்குப் பழுப்பு நிறம், அதற்குக் கீழே மைபோன்ற கருப்பு, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கருப்பும் நாற்றமும் சல்பைடின் அடையாளங்கள். காற்றில்லாத சேற்றில் ஈயமும் காட்மியமும் பாதரசமும் சல்பைடோடு சேர்ந்து கரையாத உப்புகளாக இறுகிக் கிடக்கும். அப்போது பாக்டீரியா உணரி ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லக்கூடும், கருவி ‘நிறைய இருக்கிறது’ என்று சொல்லும், இரண்டும் பொய்யாக இராது. ஆனால் தூர்வாரும் இயந்திரம் அந்தச் சேற்றை வாரி மேலே கொட்டினாலோ, புயல் வெள்ளம் கலக்கிவிட்டாலோ, காற்றுப் பட்டுச் சல்பைடு சிதைந்து, இறுகியிருந்த உலோகம் நீருக்குள் வந்துவிடும். சேற்றைப் பொறுத்தவரை பாக்டீரியாவின் ‘இல்லை’ என்ற பதிலை மட்டும் நம்பி ஒரு வேலையைத் தொடங்குவது ஆபத்து என்பதே என் முடிவு.

அதே கருப்புச் சேற்றில் இன்னொரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. லூசிஃபெரேஸ் நொதி ஒளிவிட ஆக்சிஜன் வேண்டும். பச்சை ஒளிர்புரதம் முதிர்ச்சி அடையவும் அதே ஆக்சிஜன் வேண்டும். பக்கிங்காம் கால்வாயின் அடியில் அது கிடைக்காது. கிடைத்தாலும் கலங்கிய நீர் அந்த ஒளியை விழுங்கிவிடும். ஆகவே ஒளிக்குப் பதிலாக மின்னோட்டத்தைக் காட்டும் பாக்டீரியாதான் இந்த ஊருக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2022-இல், ஷெவனெல்லா என்ற பாக்டீரியாவின் மின்கடத்தும் புரதங்களை ஈ.கோலைக்குள் பொருத்தி, மின்வாயோடு சேர்த்து உறைக்குள் அடைத்து, தயோசல்பேட் என்ற கந்தக உப்பு நீரில் கலந்த இரண்டு மூன்று நிமிடங்களில் மின்குறிப்பு வரச் செய்தது. வழக்கமான உணரிகள் மரபணுவைப் படித்துப் புதுப் புரதம் செய்து முடிக்க அரை மணி முதல் சில மணி நேரம் எடுத்துக்கொள்பவை. இதில் புரதங்கள் முன்பே தயாராக இருப்பதால் அந்தக் காத்திருப்பு இல்லை. உலோகங்களுக்கு இதே வேகம் வாய்த்தால் நான் முதல் வரிசையில் நிற்பேன்.

மரபணு மாற்றாத போட்டியாளர் ஒருவரும் உண்டு: கடலில் இயல்பாகவே ஒளிரும் பாக்டீரியாவான அலிவிப்ரியோ ஃபிஷெரி. ஐஎஸ்ஓ 11348 தரப்படி, மாதிரியில் சேர்த்து 30 நிமிடத்துக்குள் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். உப்பு நீர் இதற்குச் சொந்த வீடு என்பதால், முகத்துவாரத்து உவர்நீரில் திணறும் ஈ.கோலையைவிட இது நிம்மதியாக இருக்கும். எந்த நஞ்சு என்று சொல்லாது, அதோடு சல்பைடே இதற்கு நஞ்சு. நம் சேற்று நீரில் எல்லா மாதிரியும் ‘கெட்டது’ என்று வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பரவி முகத்துவாரம் வரை படிந்தபோது, அதைக் கண்டுபிடிக்க எந்த உணரியும் தேவைப்படவில்லை. படகின் விலாவும் வலையும் சொல்லிவிட்டன. உணரி உதவுவது அதற்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் தங்கிவிட்டதைத் தேடும்போது. எண்ணெயில் உள்ள நாப்தலீனைத் தின்னும்போதே ஒளிரும்படி மரபணு மாற்றிய சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் எச்கே44 என்ற பாக்டீரியா வகையை 1996-இல் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில், நிலத்தில் புதைத்த பெரிய தொட்டிகளின் மண்ணில் விட்டுச் சோதித்தார்கள். தண்டையார்பேட்டை மண்ணில் அப்படி ஒன்றை விடுவது எளிதன்று. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளின்படி, மரபணு மாற்றிய உயிரியைச் சூழலில் விட மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கண்டிப்பு தேவையானது என்றே நினைக்கிறேன். வெள்ளம் வந்தால் எங்கள் தெருவில் எதையும் அடைத்துவைக்க முடியாது.

இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி, செல்லை விட்டுவிட்டு அதன் உணரிப் புரதம் போன்ற வேண்டிய பாகங்களை மட்டும் எடுத்து உலர்த்திக் குழாயில் வைப்பது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ரோசலிண்ட் அப்படிப்பட்டது: ஒரு சொட்டு நீர் விட்டால் போதும், மாசு இருந்தால் பச்சையாக ஒளிரும், 17 வகை மாசுகளை அறியும். உயிர் இல்லாததால் தப்பித்துப் போய்ப் பெருகும் பயமும் இல்லை. ஒருமுறைதான் பயன்படும் என்பது குறை. கால்வாயில் மாதக்கணக்கில் காவல் இருக்க இதனால் ஆகாது. ஆனால் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு அடிபம்புத் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று கேட்டால், நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இது ‘ஆம்’ என்ற வீட்டுத் தண்ணீரை மட்டும் அமிலக் குப்பியில் எடுத்துக் கருவிக்கு அனுப்பினால், அங்கே வரிசையும் குறையும்.

ஆற்றுக்குப் போகும்போது இப்போது இரண்டு குப்பிகள் எடுத்துச் செல்கிறேன், ஒன்றில் அமிலம், மற்றதில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவர் பறியை எடுத்துவிட்டுக் கேட்டால், உங்கள் வீட்டுக் குழாய்க்குச் சீக்கிரம் ஒரு வழி வரலாம் என்று சொல்ல முடியும். அவர் கை வைத்திருக்கும் சேற்றுக்கு மட்டும் இன்றைக்கும் அதே மூன்று வாரம்தான்.